பஞ்சு போடக் கூடாது

தையலக்கா சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்காமல் போனதில்லை. கழுத்தை இறக்கு, கையைக் குறை என்று ஆயிரம் யோசனையோடு அவள் கடைக்குள் நுழைகிறவர்கள், வெளியே வரும்போது அவள் சொன்னபடியே தைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டு வருவார்கள். உங்களுக்கு எது நன்றாக இருக்கும் என்று கண்ணாடிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பாள். அப்படிப்பட்டவள் பேச்சைக் கடைசியில் கேட்காமல் போனது அவளுடைய வலது கை.

ஒரு காலையில் கால்சட்டைத் துணியை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே துணியின் மேல் சாய்ந்தாள். பக்கவாதம் என்றார்கள். வாயும் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் சீக்கிரம் சரியாகிவிட்டது. அது சரியாகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம் என்றான் அவள் தம்பி. காலும் முனகிக்கொண்டே வழிக்கு வந்தது. கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, விரல்களை அரைகுறையாக மடக்கிக் காட்டிவிட்டு, அதற்கு மேல் என்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிட்டது.

தையல் கடையில் மிஷின் ஓட்ட ஆள் இருந்தது. பொத்தான் கட்ட, இஸ்திரி போட எல்லாம் ஆள் இருந்தது. வெட்டுவதற்குத்தான் அவளை விட்டால் யாருமில்லை. முப்பது வருஷமாகத் தன் கத்தரிக்கோலை இன்னொருவர் கையில் கொடுக்காமல் வைத்திருந்ததன் பலன் அது. முழங்கை நீளம் இருக்கும், இரும்பில் செய்தது, நல்ல கனம். இடது கையால் வெட்டிப் பார்த்தாள். அது வலக்கைக்காரர்களுக்காகச் செய்த கத்தரி. இடது கையில் பிடித்தால் துணியை வெட்டாமல் மென்று துப்பியது.

மகன் தங்கமானவன்தான். ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை, மடிப்புக் கலையாத சட்டை, அதிர்ந்து பேசாத சுபாவம். அம்மா மேசை மேல் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். அன்றிலிருந்து அந்தக் கடையின் ஷட்டரைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். செல்போன் கடை வைக்க ஒருவர் இடம் கேட்கிறார், கடைக்குச் சொந்தக்காரரும் பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுத்துவிடலாம் அம்மா என்று மெல்ல ஆரம்பித்தான். அவள் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறு. அதுக்குள்ள நான் ஒரு சட்டை வெட்டலன்னா சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். வெட்டிட்டா இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது."

மகன் சரி என்றான். அவளால் முடியாது என்று அவன் நினைத்ததும், முடியாமல் அவள் நிற்பதைப் பார்க்க அவன் பயந்ததும் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவளுக்கு உறைத்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு பச்சை ரப்பர் பந்தைத் தந்து, நேரம் கிடைக்கும்போதெல்லாம் அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தையலக்கா அழுத்தினாள். அழுத்திய பந்து விட்டதும் பழையபடி உருண்டையாகிவிடும். நீ அழுத்தினாயா, சும்மா தொட்டாயா என்று ஒரு அடையாளமும் அதில் இருக்காது. உழைப்பை ஒப்புக்கொள்ளாத பொருளோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? ஒரு மழை நாளில் கொல்லைப்பக்கம் நின்று அழுத்திக்கொண்டிருந்தபோது பந்து நழுவிச் சேற்றில் போய் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். விரல்கள் பந்தைத் தவறவிட்டுச் சேற்றுக்குள் இறங்கின. கையை இழுத்தபோது சேற்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. நடுவிரலும் ஆள்காட்டியும் ஆழமாக, சுண்டுவிரல் பேருக்கு. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குளிர்ந்த மண்ணைத் தொட்டு எத்தனை காலமாகிவிட்டது.

அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அவர்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். வெட்ட வேண்டியவர்கள் ஒழுங்காக வெட்டிவிட்டார்கள். பதிக்க வேண்டிய குழாய்தான் வந்து சேரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தெருவின் நடுவே நீளமாகப் பள்ளம், இரண்டு கரையிலும் ஆளுயரத்துக்கு மண்மேடு. பெரியவர்கள் பலகை போட்டுத் தாண்டிக்கொண்டு யார் யாரையோ சபித்தார்கள். பிள்ளைகள் மனசுக்குள் அவர்களுக்கெல்லாம் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் யுத்தம். ஆயுதம் மண்ணுருண்டை. இந்தக் கரைக்குத் தளபதி அவள்.

மேல் மண் உதவாது. எறிந்தால் பாதி வழியிலேயே பிரிந்துவிடும். பள்ளத்தின் அடியில் இறங்கி, இடுப்பளவு சகதியில் நின்று, சாம்பல் நிறத்தில் இருக்கும் களியை நகத்தால் பெயர்த்தெடுக்க வேண்டும். பிசைய வேண்டும். தண்ணீர் வெளியே கசியும் வரை இறுக்க வேண்டும். பிறகு உலர்ந்த புழுதியில் ஒரு புரட்டு, மறுபடி ஒரு இறுக்கு. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இடுப்பு உயரத்திலிருந்து கல்லின் மேல் போடுவார்கள். உடையாவிட்டால் பாஸ். தையலக்காவின் உருண்டைகள் பாஸாவது மட்டுமில்லை, எதிரியின் முதுகில் பட்டு எகிறி விழுந்த பிறகும் உருண்டையாகவே இருக்கும். திரும்ப எடுத்து எறியலாம்.

அவள் தம்பி அப்போது சின்னவன். சுவர் என்றால் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவான், அதனால் பல்லி என்று பெயர். அவனை அவள் உருண்டை சுமக்க மட்டும் வைத்திருந்தாள். எறிய விடவில்லை. ஒருநாள் பல்லி கூடையை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கி எதிர்க்கரைக்கு ஏறிப் போய்விட்டான். அங்கே எறிய விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அக்கா தம்பி, மேட்டில் பரம விரோதி.

அந்த ஆட்டத்துக்குச் சட்டம் அதிகமில்லை. அடிபட்டால் அழக் கூடாது. வீட்டில் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சு போடக் கூடாது. சின்னவன், பாவம் என்று யாராவது வேண்டுமென்றே மெதுவாக எறிந்தால் அதற்குப் பெயர்தான் பஞ்சு போடுவது. போட்டவனை அன்றைக்கு ஆட்டத்தை விட்டே துரத்துவார்கள். வாங்கியவன் பாடு அதைவிட மோசம். நீ ஆட்டத்தில் சேர்த்தியே இல்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி. பஞ்சு வாங்கியதற்காகத் தேம்பித் தேம்பி அழுத பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அடி வாங்கியதற்காக அழுதவர்களைப் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் எதிர்க்கரையிலிருந்து பறந்து வந்த உருண்டை அவள் புருவத்தில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எறிந்தவன் பல்லி. வீட்டில் அம்மா இருவரையும் குழாயடியில் நிற்கவைத்து, எது யார் என்று அடையாளம் தெரிகிற வரை வாளி வாளியாக ஊற்றினாள். புருவம் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டாள். விழுந்துட்டேன் என்றாள் மகள். அம்மா துண்டெடுக்க உள்ளே போனதும் பல்லி பயந்துபோய், வலிக்குதா அக்கா என்று கேட்டான். "நல்ல உருண்டைடா. எப்படிப் பிசைஞ்ச?" என்றாள் அவள்.

சேற்றில் உட்கார்ந்திருந்த தையலக்காவுக்கு அந்தப் புருவம் இப்போதும் விண்ணென்று தெறித்தது. எழுந்து போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

பல்லி இப்போது கொத்தனார். தலை நரைத்தும் சாரம் ஏறுவதில் இளவட்டங்கள் அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். அக்கா களிமண் கேட்கிறாள் என்றதும், எதற்கு என்று கேட்காமல், அஸ்திவாரம் தோண்டிய இடத்திலிருந்து ஒரு வாளி நிறைய, அதே சாம்பல் நிறத்தில் கொண்டுவந்து இறக்கினான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான். சிரிப்பு வந்தது, ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடமும் கேட்டார்கள். பந்தோ மண்ணோ, கை வேலை செய்தால் சரி, புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. வலது கையால் மட்டும் பிசைந்து, வலது கையால் மட்டும் இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து துவைக்கிற கல்லின் மேல் போட வேண்டும். முதல் நாள் போட்டவையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. அடுத்த நாளும் உதிர்ந்தன. உதிர்ந்ததை மறுபடி வாளியில் போட்டுத் தண்ணீர் தெளித்து ஊறவைப்பார்கள். காலையில் அதே மண், அதே கை. ரப்பர் பந்தைப் போல இது அவளை ஏமாற்றவில்லை. தோற்றால் தோற்றாய் என்று முகத்துக்கு நேரே சொன்னது. அதற்காகவே அவளுக்கு அதைப் பிடித்திருந்தது. மகன் ஒருநாள் வந்து, முழங்கை வரை சேறும் நெற்றியில் ஒரு தீற்றலுமாக உட்கார்ந்திருந்த அம்மாவையும், எதிரே குத்துக்காலிட்டு மண் பிசைந்துகொண்டிருந்த மாமாவையும் பார்த்தான். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரும் பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

பல்லிக்குத்தான் தாங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிடுவான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவதையும், கல்லில் விழுந்து உருண்டை சிதறுவதையும், உடனே அடுத்ததற்குக் கை நீட்டுவதையும் பார்த்துப் பார்த்து அவன் நெஞ்சு கனத்துப்போனது.

திடீரென்று ஒருநாள் ஒரு உருண்டை உடையவில்லை. லேசாக விரிசல் விட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மறுநாள் இரண்டு. அடுத்தடுத்து வந்த நாட்களில் விரிசல்கூட இல்லை. தையலக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளங்கை வறண்டு அரித்தது. உயிர் வருகிறது, அதனால்தான் அரிக்கிறது என்று அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். மகனைக் கூப்பிட்டு, வருகிற வாரம் சட்டை வெட்டப் போகிறேன், கடைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிடு என்றாள். தெருவில் நாலு பேர் காதிலும் போட்டுவிட்டாள்.

அன்று பெய்த மழையில் வாளி நிரம்பி வழிந்தது. காலையில் தண்ணீரைச் சாய்த்துவிட்டு மண்ணைக் கிளற இடது கையை விட்டாள். களியெல்லாம் குழைந்து கிடக்க, அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் அவள் பிடித்த உருண்டைகளில் ஒன்று. இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தும் கரையவில்லை. கல்லில் ஓங்கி அடித்தாள். கல்லில் கீறல் விழுந்தது. உருண்டை அப்படியே இருந்தது.

உருண்டையையும் வறண்டு வெளுத்துப்போன தன் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கொத்தனாரின் அக்காவுக்குச் சிமெண்டு தெரியாதா என்ன. கொல்லையில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கை பழையபடி செத்த கையாகவே இருந்தது என்பதற்காக மட்டும் அழவில்லை.

சாயங்காலம் பல்லி வந்தான். அவள் உருண்டையை அவன் கையில் வைத்தாள். அவன் அதை உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கைப்பிடிதான் கலந்தேன் என்றான். நீ படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் தெம்பு வந்தால் கையும் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன் என்று பூசி மெழுகினான். சுவரைப் பூசலாம், அக்காவிடம் பூச முடியுமா.

"எனக்குப் பஞ்சு போட்டியாடா?" என்றாள். குரல் உயரவில்லை. "புருவத்துல அடிச்சப்போகூட நான் உன்மேல கோவப்படல. இப்போ அடிச்ச பாரு, இதுதான் வலிக்குது."

பல்லி அழுதுவிட்டான். நரைத்த தலையோடு ஒரு கொத்தனார் வாளிப் பக்கத்தில் நின்று அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் அவனை அழவிட்டாள். முடிந்ததும், போய் வேறு வாளியில் வெறும் மண் கொண்டுவா என்றாள். கொண்டுவந்தான். கொல்லையின் நடுவே காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"நீ அந்தப் பக்கம் போ. இனிமே எனக்கு உதவி பண்ணாத. எதிர்ல நில்லு. நீ எறி, நானும் எறியறேன்."

அவன் மாட்டேன் என்றான். உடம்பு சரியில்லாதவள் மேல் எறிந்தால் கை அழுகிவிடும் என்றான். அவள் விடவில்லை. எதிர்க்கரைக்கு ஓடிப்போனதிலிருந்து இன்றைக்கு வரை அவன் செய்த துரோகங்களை வரிசையாக எடுத்து விட்டாள். அவற்றில் பாதி அவன் செய்யாதவை. கடைசியில் அவன் ஒரு உருண்டையைப் பிடித்து எறிந்தான். அது அவள் காலடியில் பொத்தென்று விழுந்தது.

"பஞ்சு," என்றாள்.

இன்னொன்று எறிந்தான். முழங்காலைத் தொட்டு விழுந்தது.

"பஞ்சு. எதிர்க்கரையில இதுக்குத்தான் உன்னைச் சேர்த்துக்கிட்டாங்களா?"

பல்லியின் காது சிவந்தது. குனிந்தான், பிசைந்தான், இறுக்கினான், புரட்டினான். ஐம்பது வயது கழன்று கீழே விழுந்த மாதிரி ஒரு காலைப் பின்னால் வைத்து வீசினான். உருண்டை அவள் தோள்பட்டையில் பட்டென்று அறைந்தது. அவள் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பல்லி பதறி ஓடிவந்தான். கோட்டைத் தாண்டாதே என்று கத்தினாள். தோள் எரிந்தது. மூச்சு வாங்கியது. இத்தனை நாளாக எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்து எடுத்து வைத்தார்கள். இப்போதுதான் யாரோ அவளை ஒரு ஆளாக மதித்திருந்தார்கள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. வாளிக்குள் வலது கையை விட்டாள்.

முதல் உருண்டை அவள் கையை விட்டுக் கிளம்பவே இல்லை. இரண்டாவது தலைக்கு மேலே போய்ச் சிதறி அவள் மேலேயே மழையாகக் கொட்டியது. பல்லி சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் அடுத்ததை எறிந்தான், பஞ்சு இல்லை. தினம் சாயங்காலம் இதேதான். அவளுக்கு இரண்டு தோளிலும் கன்றிப்போனது. அவன் எறிவதற்குள் தானும் ஒன்று பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் விரல்கள் தாங்கள் செத்துப்போனதை மறந்து மடங்க ஆரம்பித்தன. முதலில் பாதி வழி போய்ப் பிரிந்தது. பிறகு கோடு வரை. பிறகு அவன் காலடி வரை. அக்கா மேல் பாவம் பார்ப்பதை விட்டுவிட்டு, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்வதைப் பற்றிப் பல்லி யோசிக்க வேண்டி வந்தது.

மாசக் கடைசி வந்தது. சொல்லியிருந்த வாரம் எப்போதோ கடந்துபோய், சட்டையும் வெட்டவில்லை, தெருவுக்குப் பதிலும் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து மகன் நேராக வந்தான். சாவியைக் கேட்கத்தான் வந்தான். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தவன், கொல்லைக் கதவைத் திறந்தான்.

தையலக்கா எறிந்த உருண்டை அப்போதுதான் கையை விட்டுப் போயிருந்தது. பல்லி குனிந்துகொண்டான். குனிந்தவன் தலைக்கு மேலே போய் அது மகனின் நெஞ்சில், சட்டைப் பைக்குக் கொஞ்சம் மேலே, அடித்தது. பிரியவில்லை. சிதறவில்லை. ஒரு அடி எகிறி, அவன் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்து, முழுசாக உருண்டது.

மகன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். வலித்தது, நன்றாகவே வலித்தது. குனிந்து உருண்டையை எடுத்தான். அதில் ஐந்து விரல்களின் தடமும் இருந்தது. மாமாவைப் பார்த்தான். பல்லி இரண்டு கையையும் விரித்து, சத்தியமாக வெறும் மண் என்றான். மகன் அம்மாவின் கையைப் பார்த்தான்.

"அந்தக் கறை போகாது," என்றாள் அவள். "கடையைத் திற. உனக்குப் புதுசா ஒண்ணு வெட்டித் தரேன்."

மூன்று பேரும் சேறும் சகதியுமாகத் தெருவில் நடந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். கடை வாசலில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். பல நாளாக மூடிக் கிடந்த கடையில் தூசி மணத்தது. தையலக்கா மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் நடுங்கியது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். அது கீழே சாய்ந்தது. மகன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தான்.

"கையை எடு," என்றாள்.

எடுக்க அவனுக்கு மனசே வரவில்லை. எடுத்தான். அவள் கத்தரியை மேசையில் ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, உருண்டை பிடிக்கிற அதே முகத்தோடு அழுத்தினாள். துணி வெட்டுப்பட்டது. நின்றாள், மூச்சு விட்டாள், மறுபடி அழுத்தினாள். முன்பெல்லாம் டீ ஆறுவதற்குள் ஒரு சட்டை வெட்டுகிறவள், முதுகுப் பக்கத் துணியை வெட்டி முடிப்பதற்குள் பல்லி இரண்டு முறை டீ வாங்கி வந்துவிட்டான். விளிம்பு சில இடத்தில் பிசிறடித்திருந்தது. அவள் அதை மகன் கண்ணெதிரிலேயே அளந்து, தையலுக்குள் போய்விடும் என்று சொல்லிவிட்டு, கைத்துணியை எடுத்து விரித்தாள்.

மகன் மேசையருகே வந்து குனிந்தான். கடைச் சொந்தக்காரருக்கு என்ன சொல்லட்டும் அம்மா என்று கேட்டான்.

அவள் தலை நிமிரவில்லை.

"தள்ளி நில்லுடா. வெளிச்சத்தை மறைக்கிற."